புகை காட்டாத வண்டியில் கோளாறைக் கண்டுபிடிப்பது: பிஎஸ்6 பிக்கப் வைத்திருப்பவர்களுக்கு

பிஎஸ்4 வண்டி (பிஎஸ் என்பது நம் நாட்டின் வாகனப் புகை விதி, எண் கூடக் கூட விதி கடுமை) ஓட்டிய காலத்தில் சைடு கண்ணாடியில் பின்னால் ஒரு பார்வை பார்த்தால் எஞ்சினின் நிலைமை தெரிந்துவிடும். ஏற்றத்தில் கறுப்பாகத் தள்ளினால் காற்று போதவில்லை, இல்லையென்றால் டீசல் அதிகம் போகிறது. நீலமாக வந்தால் ஆயில் எரிகிறது. பட்டறையில் ஃபோர்மேன் ஆக்சிலரேட்டரை இரண்டு மிதி மிதிக்கச் சொல்லி, புகையைப் பார்த்தே பாதி வியாதியைச் சொல்லிவிடுவார்.

2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்6 டீசல் பிக்கப்பில் அந்த வைத்தியம் நடக்காது. எஞ்சினுக்குக் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவின் ஹோஸ் கிழிந்திருக்கட்டும், இன்ஜெக்டர் ஒழுகட்டும், சைலன்சர் வாயில் புகை வராது. கரியை எல்லாம் உள்ளே இருக்கும் டிபிஎஃப் என்ற கரி ஃபில்டர் பிடித்து வைத்துக்கொள்கிறது. வெளியே தெரிவதெல்லாம் மைலேஜ் குறைவதும், அடிக்கடி எரியும் மஞ்சள் விளக்கும்தான். உடனே எல்லோரும் டிபிஎஃப் மேல் பழியைப் போடுகிறார்கள். பெரும்பாலான நேரம் கோளாறு அதற்கு முன்னால் எங்கோ இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்கும் வழியைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் மேட்டுப்பாளையத்துக்காரன். கேத்தி, ஊட்டிப் பக்கத்திலிருந்து கேரட், பீட்ரூட், முட்டைக்கோஸ் இறக்கி மண்டிக்குக் கொண்டுவருவதும், போகும்போது அரிசி, மளிகை, சிமெண்ட் என்று கிடைத்ததை ஏற்றிப் போவதும் தொழில். மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 300 மீட்டர் உயரம், ஊட்டி 2,240. ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டரில் இந்த ஏற்றம். டீசல் வண்டியின் புகைக் கட்டுப்பாட்டு அமைப்பு எப்போது நன்றாக வேலை செய்யும், எப்போது திணறும் என்பதை இந்த ஒரே ரோட்டில் இரண்டு பக்கமும் பார்த்துவிடலாம்.

முதலில் உள்ளே நடப்பது என்ன என்று சுருக்கமாக. எஞ்சினிலிருந்து வரும் புகையில் ஒரு பகுதியை ஈஜிஆர் வால்வு திரும்ப உள்ளே அனுப்புகிறது. எரியும் சூடு குறைந்தால் நைட்ரஜன் ஆக்சைடு குறையும், அதற்காக. மிச்சப் புகை டர்போவைத் தாண்டி ஒரு கேட்டலிஸ்ட்டுக்குள், அதாவது புகையில் வேதிமாற்றம் நடத்தும் பூச்சுள்ள கட்டிக்குள், போகிறது. அடுத்து டிபிஎஃப். தேனடை மாதிரி சின்னச் சின்னக் குழாய்களாக இருக்கும் பீங்கான் கட்டி அது. ஒன்றுவிட்டு ஒன்று வாய் அடைத்திருக்கும். அதனால் புகை சுவர் வழியாக ஊடுருவித்தான் வெளியே போக முடியும், கரி சுவரில் நின்றுவிடும். சில வண்டிகளில் இதற்குப் பிறகு நைட்ரஜன் ஆக்சைடைக் குறைக்க யூரியா கரைசல் தெளிக்கும் எஸ்சிஆர் அமைப்பும் உண்டு. உங்கள் வண்டியில் அது இருக்கிறதா என்று தெரியவில்லையென்றால் டீசல் மூடி பக்கத்தில் நீல நிற மூடி ஒன்று இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் யூரியா பற்றிக் கீழே எழுதியிருப்பதைத் தாண்டிப் போகலாம்.

டிபிஎஃப்பில் சேர்ந்த கரியை எரித்தாக வேண்டும். அது இரண்டு விதமாக நடக்கிறது. லோடு ஏற்றி ஏற்றத்தில் இழுக்கும்போது புகையின் சூடு 300 டிகிரியைத் தாண்டிப் போகும். அந்தச் சூட்டில் கேட்டலிஸ்ட் உண்டாக்கும் நைட்ரஜன் டை ஆக்சைடு கரியை மெல்ல மெல்லத் தின்றுவிடும். டிரைவருக்கு ஒன்றும் தெரியாது, டீசலும் கூடுதலாகச் செலவாகாது. கல்லாறு தாண்டி, பதினான்கு கொண்டை ஊசி வளைவும் ஏறி, குன்னூர் போய்ச் சேரும்போது ஃபில்டர் கிளம்பும்போது இருந்ததைவிடச் சுத்தமாக இருப்பது இதனால்தான்.

இரண்டாவது வகைதான் நம் பர்ஸைத் தொடுவது. மெதுவாக, காலியாக, நின்று நின்று ஓடினால் புகைக்கு அந்தச் சூடு வராது. கரி ஒரு அளவைத் தாண்டியதும் வண்டியின் கம்ப்யூட்டரே ரீஜெனரேஷனை ஆரம்பிக்கும். ரீஜென் என்றே சொல்வோம். வழக்கமான டீசல் எரிந்து முடிந்த பிறகு, பிஸ்டன் கீழே இறங்கும் நேரத்தில் இன்னும் கொஞ்சம் டீசலைத் தெளிக்கும். அது சிலிண்டரில் வேலை செய்யாது. புகையோடு போய்க் கேட்டலிஸ்ட்டில் எரிந்து, டிபிஎஃப்பை 550, 600 டிகிரிக்குக் கொண்டுபோகும். கரி எரிந்து தீரும். பத்திலிருந்து இருபது நிமிடம் வரை பிடிக்கும். அந்த நேரத்தில் வண்டியைத் தள்ளாத டீசலும் செலவாகிறது என்பதால் மைலேஜ் கட்டாயம் விழும்.

பல நூறு கிலோமீட்டருக்கு ஒரு ரீஜென் வந்தால் அந்தச் செலவு மொத்தக் கணக்கில் பெரிதாகத் தெரியாது. நூறு கிலோமீட்டருக்கு ஒரு தடவை வந்தால் பையில் ஓட்டை விழுந்த மாதிரி. ஆக, நாம் கவனிக்க வேண்டிய எண் ஒன்று இருக்கிறது: ஒரு ரீஜெனுக்கும் அடுத்த ரீஜெனுக்கும் நடுவே வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறது. முன்பு புகையின் நிறம் சொன்ன சேதியை இப்போது இந்த இடைவெளி சொல்கிறது.

ரீஜென் ஓடுகிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது

பல பிக்கப்களில் ரீஜென் ஓடும்போது டேஷ்போர்டில் எந்த விளக்கும் எரியாது. அது முடியாமல் போய், கரி இன்னும் ஏறிய பிறகுதான் டிபிஎஃப் விளக்கு வரும். அதனால் காதையும் மூக்கையும்தான் நம்ப வேண்டும். சிக்னலில் நிற்கும்போது ஐடில் வழக்கத்தைவிட நூறு, இருநூறு ஆர்பிஎம் கூடுதலாக நிற்கும். சத்தம் கொஞ்சம் கனமாக, தொண்டை கட்டியது போல மாறும். ரேடியேட்டர் ஃபேன் காரணமில்லாமல் ஓடும், வண்டியை அணைத்த பிறகும் ஓடிக்கொண்டிருக்கும். இறங்கிப் பின்பக்கம் போனால் காய்ந்த இரும்பு வாசனை. உடனடி மைலேஜ் காட்டும் மீட்டர் இருந்தால் அது திடீரென்று பாதியாக விழும்.

இவற்றில் இரண்டு சேர்ந்து வந்தால் ரீஜென் என்று வைத்துக்கொண்டு அப்போதைய கிலோமீட்டரை நோட்டில் எழுதுங்கள். சீட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன நோட்டு போதும். கொஞ்சம் செலவு செய்யத் தயாரென்றால் ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் ஓபிடி சாக்கெட்டில் (வண்டியின் கம்ப்யூட்டர் தகவலைப் படிக்கும் இடம்) மாட்டும் ப்ளூடூத் அடாப்டர் ஒன்று வாங்கி, போனில் பார்க்கலாம். எல்லா வண்டியும் எல்லாத் தகவலையும் கொடுக்காது. புகையின் சூடு மட்டும் தெரிந்தால்கூட ரீஜெனைப் பிடித்துவிடலாம், ஏனென்றால் சமதளத்தில் காலியாக ஓடும்போது 550 டிகிரி வேறு எதனாலும் வராது.

மண்டியில் ஒரு பையன் புது வண்டியைக் கேட்டுக்குள் விட்டுவிட்டு, எஞ்சினை அணைக்காமலே என்னிடம் வந்தான்.

"அண்ணா, ஃபேன் நிக்காம ஓடுதுங்க. ஆர்பிஎம்மும் ஏறி நிக்குது. ஆஃப் பண்ணிரட்டுங்களா?"

"லோடு அவசரமா தம்பி?"

"இல்லீங்ண்ணா, அரை மணி ஆகும்ங்க."

"அப்ப ஆஃப் பண்ணாத. அன்னூர் ரோட்டுல மூணாவது, நாலாவது கியர்லயே விட்டுட்டு வா. ஃபேன் அடங்கி, ஐடில் இறங்கினப்புறம் வந்து நிறுத்து."

செய்ய வேண்டியது அவ்வளவுதான். ரீஜென் ஓடும்போது எஞ்சின் 2,000 ஆர்பிஎம்மைச் சுற்றி நிற்கும்படி, ஒரே சீராக, கால் மணி நேரம் ஓட்டுங்கள். டாப் கியரில் போட்டு முனகவிடாதீர்கள், ஒரு கியர் குறைத்தே ஓட்டுங்கள். வேகம் 50, 60 போதும். முடியாத இடம் என்றால், அதாவது டெலிவரி நேரம், நெரிசல் என்றால், அணைத்துவிட்டு அடுத்த ஓட்டத்தில் முடிக்கவிடுங்கள். ஒரு தடவை தடைப்பட்டால் ஒன்றும் ஆகிவிடாது. ஒவ்வொரு தடவையும் தடைப்படுவதுதான் கெடுதல்.

இன்னொன்று. ரீஜென் ஓடும் வண்டியைக் காய்ந்த புல், வைக்கோல், சாக்கு கிடக்கிற இடத்தில் நிறுத்தாதீர்கள். காய்கறி மண்டியில் தரையெல்லாம் வைக்கோலும் முட்டைக்கோஸ் இலையும்தான். சைலன்சர் வாய் தரையைப் பார்த்திருக்கும் வண்டிகளில் இது நிஜமான ஆபத்து.

ஆயில் ஸ்டிக்கை எடுத்துப் பாருங்கள்

ரீஜெனைப் பாதியில் அணைப்பதால் வரும் பெரிய நஷ்டம் மைலேஜில் இல்லை, ஆயிலில் இருக்கிறது. கடைசி நேரத்தில் தெளிக்கும் டீசலில் ஒரு பங்கு சிலிண்டர் சுவரில் ஒட்டி, பிஸ்டன் ரிங்கைத் தாண்டி, கீழே ஆயிலோடு கலக்கிறது. ரீஜென் அடிக்கடி ஆரம்பித்து அடிக்கடி நின்றால் ஆயில் மட்டம் குறைவதற்குப் பதில் ஏறும். பழைய வண்டி ஓட்டிப் பழகியவர்கள் இதைப் பார்த்து, "புது எஞ்சின், சொட்டு ஆயில் குடிக்கல" என்று சந்தோஷப்படுகிறார்கள். அது ஆயில் இல்லை, டீசல்.

வாரம் ஒரு நாள், காலையில் கிளம்பும் முன், வண்டி சமதரையில் நிற்கும்போது ஸ்டிக்கை உருவுங்கள். துடைத்து, மறுபடி முழுக்க இறக்கி எடுங்கள். மட்டம் மேல் கோட்டைத் தாண்டியிருக்கிறதா? ஒரு சொட்டை வெள்ளை டிஷ்யூ பேப்பரில் விடுங்கள். நடுவில் கறுப்பு வட்டம், அதைச் சுற்றிக் கொஞ்சம் ஈரம் என்றால் சரி. கறுப்பு சின்னதாக நிற்க, சுற்றிலும் மஞ்சளான ஈர வளையம் அகலமாகப் பரவி, முகர்ந்தால் டீசல் வாசம் அடித்தால் ஆயில் நீர்த்துவிட்டது. மேல் கோட்டைத் தாண்டியிருந்தால் சர்வீஸ் கிலோமீட்டர் வரும்வரை காத்திருக்காமல் ஆயிலை மாற்றுங்கள். நீர்த்த ஆயில் டர்போ பேரிங்கையும் கிராங்க் பேரிங்கையும் தின்றுவிடும். அந்தச் செலவோடு ஒப்பிட்டால் ஒரு கேன் ஆயில் ஒன்றுமே இல்லை.

எந்த ஆயில் என்பதும் முக்கியம். கரி எரியும், சாம்பல் எரியாது. எஞ்சினில் எரியும் ஆயிலில் இருக்கும் சேர்மானங்கள் சாம்பலாகி டிபிஎஃப்பில் தங்கிவிடும். எத்தனை ரீஜென் நடந்தாலும் அது போகாது, ஃபில்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தால்தான் உண்டு. அதனால் டிபிஎஃப் வண்டிக்குச் சாம்பல் குறைந்த ஆயில் வேண்டும். கேனில் ஏபிஐ சிகே-4 என்றோ, ஏசிஇஏ சி3 என்றோ, உங்கள் மேனுவலில் எது எழுதியிருக்கிறதோ அது இருக்க வேண்டும். பழைய லாரிக்கு ஊற்றும் சிஐ-4 விலை குறைவு என்று கடையில் எடுத்துக் கொடுப்பார்கள். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

மைலேஜை ஒழுங்காக அளப்பது

"முன்னாடி பதினாலு கொடுத்தது, இப்ப பதினொண்ணுதான்" என்று சொல்பவர்களிடம் எப்படி அளந்தீர்கள் என்று கேட்டால், பாதிப் பேர் ஆயிரம் ரூபாய்க்கு டீசல் போட்டு, முள் இறங்குவதைப் பார்த்தவர்கள். அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. ஒரே பங்கில், ஒரே பக்கமாக நிறுத்தி, நாசில் தானாக கட் ஆகும்வரை நிரப்புங்கள். கிலோமீட்டரை எழுதுங்கள். ஓட்டிவிட்டு அதே இடத்தில் மறுபடி நிரப்புங்கள். 520 கிலோமீட்டர் ஓடி 40 லிட்டர் பிடித்தால் லிட்டருக்கு 13. ஒரு டேங்க்கை மட்டும் வைத்து முடிவுக்கு வராதீர்கள். ஒரு டேங்க்கில் இரண்டு ரீஜென் வரும், இன்னொன்றில் ஒன்றுகூட வராது. மூன்று டேங்க் கிலோமீட்டரையும் லிட்டரையும் தனித்தனியாகக் கூட்டி வகுத்தால்தான் உண்மை தெரியும். பக்கத்தில் எந்த ரோடு, என்ன லோடு என்று ஒரு வரி எழுதி வையுங்கள். ஊட்டி ஏறிய டேங்க்கைத் திருப்பூர் ஓடிய டேங்க்கோடு ஒப்பிட்டால் குழப்பம்தான் மிஞ்சும்.

இப்போது நோட்டில் இரண்டு கணக்கு இருக்கிறது, மைலேஜும் ரீஜென் இடைவெளியும். இவற்றைச் சேர்த்துப் படிக்க வேண்டும்.

மைலேஜ் குறைந்திருக்கிறது, ரீஜென் இடைவெளி மாறவில்லை என்றால் புகை அமைப்பை விட்டுவிடுங்கள். டயர் காற்று, பிரேக் பிடித்துக்கொண்டு சுற்றுவது, வீல் அலைன்மென்ட், லோடு உயரம், காற்றில் உப்பும் தார்ப்பாய் இவற்றைப் பாருங்கள். ஓட்டி முடித்ததும் நான்கு வீல் டிரம்முக்கும் பக்கத்தில் கையைக் கொண்டுபோனால், பிரேக் பிடித்துக்கொண்டிருக்கும் வீலில் அனல் அடிக்கும், தொட வேண்டியதில்லை. தார்ப்பாயின் முன்பக்கம் தளர்ந்து பலூன் மாதிரி நின்றால் ஹைவேயில் அது டீசலைக் குடிக்கும். முன்பக்கக் கயிற்றை இன்னும் ஒரு சுற்று இறுக்கிக் கட்டுங்கள்.

மைலேஜும் குறைந்து, ரீஜெனும் அடிக்கடி வருகிறது என்றால் எஞ்சின் கரியை அதிகம் உண்டாக்குகிறது. இங்கேதான் நிதானமாகத் தேட வேண்டும். நான் போகும் வரிசை இது: முதலில் ஏர் ஃபில்டர். ஊருக்குள் மண் ரோட்டில் போகிறவர்களுக்கு மேனுவலில் சொன்ன கிலோமீட்டருக்கு முன்பே அடைத்துவிடும். அடுத்து டர்போவிலிருந்து, காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் வழியாக எஞ்சினுக்குப் போகும் ரப்பர் ஹோஸ்கள். கிளிப் தளர்ந்த இடத்தில் எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் ஒட்டியிருக்கும். விரலால் மடக்கிப் பார்த்தால் அடிப்பக்கத்தில் வெடிப்பு தெரியும். ஏற்றத்தில் உஸ் என்று காற்றுப் போகும் சத்தம் கேட்கும். பழைய வண்டியில் இந்த வெடிப்பு ஊரே பார்க்கக் கறும்புகையாக வந்திருக்கும். இதில் சத்தமில்லாமல் டிபிஎஃப்பில் போய்ச் சேர்கிறது.

அப்புறம் தெர்மோஸ்டாட், எஞ்சின் சூடான பிறகு தண்ணீரை ரேடியேட்டருக்குத் திறந்துவிடும் வால்வு. இதை யாரும் நினைப்பதில்லை. தெர்மோஸ்டாட் திறந்தபடி மாட்டிக்கொண்டால் எஞ்சின் முழுச் சூட்டுக்கு வராது. குளிர்ந்த எஞ்சின் டீசல் அதிகம் குடிக்கும், கரி அதிகம் விடும். அதோடு எஞ்சின் சூடாகாமல் கம்ப்யூட்டர் ரீஜெனை ஆரம்பிக்கவும் செய்யாது. கீழே கோடையில் சமாளித்துவிடும் வண்டி, டிசம்பரில் ஊட்டியில் விடியற்காலை கேரட் ஏற்றும்போது விளக்கைப் போட்டுவிடும். டெம்பரேச்சர் முள் ஏற்றத்தில் சரியாக நின்று இறக்கத்தில் வெகுவாக விழுந்தால் சந்தேகப்படுங்கள். பாகமும் பெரிய விலை இல்லை.

இவையெல்லாம் சரியாக இருந்தால்தான் ஈஜிஆர் வால்வும் இன்ஜெக்டரும். ஈஜிஆர் திறந்தபடி மாட்டினால் எஞ்சின் தன் புகையையே அதிகமாக மூச்சு வாங்கும், இழுவை போய்விடும். கழற்றிச் சுத்தம் செய்யலாம். தகடு வைத்து அடைத்துவிடுகிறேன் என்பவரிடம் விடாதீர்கள். விளக்கு எரியும், கம்ப்யூட்டர் பவரைக் குறைக்கும். இன்ஜெக்டர் சோதனைக்கு ஸ்கேனர் வேண்டும், நல்ல பட்டறைக்குத்தான் போக வேண்டும்.

காரணத்தைச் சரிசெய்யாமல் பட்டறையில் ஸ்கேனர் போட்டுக் கட்டாய ரீஜென் செய்தால் விளக்கு அணையும். சில நாளில் திரும்ப வரும். காசு கொடுத்தது மிச்சம்.

மலைப்பாதைக்காரர்களுக்கு

ஏறும்போது ஃபில்டர் சுத்தமாகும் என்று சொன்னேன். இறங்கும்போது நடப்பது நேர்மாறு. கியரில் வைத்து ஆக்சிலரேட்டரை விட்டு இறங்கினால் கம்ப்யூட்டர் டீசலை முழுக்க நிறுத்திவிடும். வீல்தான் எஞ்சினைச் சுற்றுகிறது. சைலன்சரில் போவது வெறும் குளிர்காற்று. ஆகவே மேலே ரீஜென் ஆரம்பித்து, உடனே இறக்கம் வந்தால் அது முடியாது. அதற்காக இறக்கத்தில் கியரைக் குறைத்து ஆக்சிலரேட்டரை மிதித்துப் பிரேக்கையும் பிடிக்கும் வேலை வேண்டவே வேண்டாம். நிம்மதியாக இறங்கிவிட்டு, கீழே வந்து சமதளத்தில் ஓட்டுங்கள், கம்ப்யூட்டர் மறுபடி ஆரம்பிக்கும்.

நியூட்ரலில் இறக்கி டீசல் மிச்சம் பிடிக்கும் பழக்கம் இன்னும் சிலரிடம் இருக்கிறது. மனசு பதறுகிறது. நியூட்ரலில் எஞ்சின் ஐடிலில் ஓட டீசல் வேண்டும், கியரில் இறங்கினால் ஒரு சொட்டும் வேண்டாம். அதாவது நியூட்ரல்தான் செலவு. அதோடு லோடு வண்டியின் பிரேக் சூடேறித் தோற்றுப்போனால் கோத்தகிரி ரோட்டில் மிச்சம் பிடித்த டீசலை எண்ணிப் பார்க்க ஆள் இருக்காது. இரண்டாவது கியரில் இறங்கவும் என்று போர்டு வைத்திருக்கும் இடத்தில் இரண்டாவது கியரில் இறங்குங்கள்.

ஊட்டி உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. மேலேயே சின்னச் சின்ன ஓட்டமாக, தோட்டத்துக்கும் கேரட் கழுவும் இடத்துக்கும் மட்டும் ஓடும் வண்டிகளுக்கு ரீஜென் சீக்கிரம் வருவது இயல்பு. கீழே ஓடும் வண்டியோடு உங்கள் இடைவெளியை ஒப்பிட்டுக் கவலைப்படாதீர்கள். உங்கள் வண்டியின் போன மாத எண்ணோடு ஒப்பிடுங்கள். கழுவும் இடத்தில் வரிசையில் நிற்கும்போது எஞ்சினை அணையுங்கள். ஐடிலில் மணிக்கு அரை லிட்டருக்கு மேல் போகும், புகை குளிர்ந்து கரியும் சேரும். நல்ல ஏற்றம் ஏறி வந்த உடனே மட்டும் டர்போ ஆற ஒரு நிமிடம் ஓடவிட்டு அணையுங்கள்.

நீல மூடி வண்டிகள்

யூரியா கரைசலை டெஃப் என்போம், ஆட்புளூ என்றும் கேட்டால் கொடுப்பார்கள். 32.5 சதவீதம் சுத்தமான யூரியா, மிச்சம் தாது நீக்கிய தண்ணீர். 100 லிட்டர் டீசலுக்கு 2 முதல் 5 லிட்டர் வரை ஆகும். திடீரென்று இதைவிட மிகக் குறைவாகப் போனால் சந்தோஷப்பட வேண்டாம், தெளிக்கும் நாசில் அடைத்திருக்கலாம்.

தோட்டத்தில் யூரியா மூட்டை இருக்கிறதே, போர் தண்ணீரில் கரைத்து ஊற்றினால் என்ன என்று விவசாய நண்பர்கள் கேட்கிறார்கள். கூடாது. நம் நாட்டில் வயலுக்கு வரும் யூரியாவுக்கு 2015 முதல் வேப்பெண்ணெய் பூச்சு கட்டாயம். அந்த எண்ணெயும் போர் தண்ணீரின் உப்பும் கேட்டலிஸ்ட்டை அடைத்துவிடும். தண்ணீர் ஊற்றிச் சமாளிப்பதும் நடக்காது, சென்சார் அளவைக் கண்டுபிடித்துவிடும். பில்லோடு, சீல் உடையாத கேன் வாங்குங்கள். 35 டிகிரி சூட்டில் வைத்தால் ஆறு மாதம்தான் தாங்கும் என்பதால் தார்ப்பாய்க்குக் கீழே வெயிலில் கேனைச் சுமந்து திரியாதீர்கள். குளிரைப் பற்றிக் கவலை வேண்டாம். அது உறைவது மைனஸ் 11 டிகிரியில், ஊட்டி உறைபனிக்கெல்லாம் அசையாது. மூடியைச் சுற்றி வெள்ளையாகப் பூத்திருந்தால் வெந்நீர் விட்டுத் துடையுங்கள். தவறி டீசல் டேங்க்கில் ஊற்றிவிட்டால் சாவியைக்கூடத் திருப்பாமல் ஆளைக் கூப்பிடுங்கள்.

கழற்றிவிடலாமா என்று கேட்பவர்களுக்கு

ஒரு பட்டறையில் எனக்கே சொன்னார்கள்: டிபிஎஃப்பைக் கழற்றி, புரோகிராமை மாற்றிக் கொடுத்துவிடுகிறோம், மைலேஜ் ஏறும், பழைய பாகத்தை நாங்களே எடுத்துக்கொள்கிறோம் என்று. அந்தப் பழைய பாகத்தில் பிளாட்டினம், பல்லேடியம் பூச்சு இருக்கிறது. அதை ஏன் கேட்கிறார்கள் என்று யோசித்துக்கொள்ளுங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 52-ம் பிரிவின்படி இப்படி மாற்றுவதற்கு அனுமதி கிடையாது. டர்போ ஹோஸ் வெடித்திருந்தால் கழற்றிய பிறகும் அது வெடித்தேதான் இருக்கும், மைலேஜ் திரும்பி வராது.

இவற்றையெல்லாம் விட எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை டீசல் புகையை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று 2012-ல் உறுதியாக வகைப்படுத்தியது. மண்டியில் வண்டிக்குப் பின்னால் நின்று மூட்டை இறக்குகிறவர்களின் மூச்சு சைலன்சருக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்று நானும் பார்க்கிறேன், நீங்களும் பார்க்கிறீர்கள். ராத்திரி முழுக்க அவர்கள் அங்கேதான் நிற்கிறார்கள். பிஎஸ்6 வண்டிகள் வரிசையில் அதிகமானதிலிருந்து அந்த இடத்தில் கண் எரிவது குறைந்திருக்கிறது. என் வண்டியிலிருந்து டிபிஎஃப்பை நான் கழற்ற மாட்டேன்.

பழைய வண்டி வாங்கும்போது

பிஎஸ்6 பிக்கப்பைச் செகண்ட் ஹேண்டில் பார்க்கப் போனால், எஞ்சின் ஆறியிருக்கும்போது சைலன்சர் வாய்க்குள் விரலைவிட்டுத் துடைத்துப் பாருங்கள். டிபிஎஃப் நல்ல நிலையில் இருந்தால் விரலில் சாம்பல் நிறத் தூசி லேசாக ஒட்டும், அவ்வளவுதான். கன்னங்கரேலென்று மை மாதிரி வந்தால் ஃபில்டர் உள்ளே உடைந்திருக்கிறது, இல்லையென்றால் காலி டப்பாவாக்கி வைத்திருக்கிறார்கள். சாவியை ஆன் செய்யும்போது செக் எஞ்சின் விளக்கு ஒரு தடவை எரிந்து, ஸ்டார்ட் செய்ததும் அணைய வேண்டும். ஆன் செய்யும்போதே எரியவில்லை என்றால் பல்பையோ புரோகிராமையோ யாரோ தொட்டிருக்கிறார்கள். ஆயில் ஸ்டிக்கை உருவி மட்டம் பாருங்கள். ஓட்டிப் பார்க்க அரை மணி நேரமாவது கேளுங்கள், ஸ்கேனர் வைத்திருக்கும் ஆளைக் கூட்டிப் போய் ஃபில்டருக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்த வித்தியாசத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். டிபிஎஃப் புதிதாகப் போட வேண்டி வந்தால் செலவு பெரிது. விலை பேசும்போது அதைக் கழித்துப் பேசுங்கள், ஒத்துக்கொள்ளவில்லையென்றால் வேறு வண்டி பாருங்கள்.